அப்பாவோட வேனும் ஒரு அலுமினிய டப்பாவும்

எங்க அப்பாகிட்ட ஒரு பழைய பெட்ரோல் வேன் இருக்கு. 2008 மாடல். கோபிச்செட்டிப்பாளையம் சுத்துவட்டாரத்துல இருக்கற மளிகைக் கடைகளுக்கு முறுக்கு, தட்டுவடை, கடலை மிட்டாய்னு அதுலதான் லைன் போடுவார். என் ஸ்கூல் ஃபீஸ், இப்போ காலேஜ் ஃபீஸ், ரெண்டுமே அந்த வேன் ஓடி வந்த காசு.

போன டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனப்போ வேனுக்கு ஒரு புது வியாதி வந்திருந்தது. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் சொல்லாம கொள்ளாம நின்னுடும். நிழல்ல அரை மணி நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் சத்தியமங்கலம் ரோட்டுல நின்னுபோய், அப்பா சரக்கு ஆட்டோ பிடிச்சு லோடை மாத்தி ஏத்திக்கிட்டுப் போனார். அன்னிக்கு லாபம் முழுக்க ஆட்டோ வாடகைக்கே போச்சு.

ராத்திரி சாப்பிடும்போது, "வித்துப்போடலாம்னு இருக்கேன் தம்பி. பழைய இரும்புக்காரர் முப்பதாயிரம் தர்றேங்கறார்" என்றார்.

நான் ஈ.சி.ஈ. ஃபைனல் இயர். மைக்ரோகன்ட்ரோலர் பேப்பர்ல 'ஓ' கிரேடு. சும்மா விடுவேனா? யூடியூப்ல நாலு வீடியோ பார்த்தேன். 'சூடானா நிக்குதா? கிராங்க் சென்சார்தான்' என்றது ஒரு வீடியோ. 1,850 ரூபாய்க்கு புது கிராங்க் சென்சார் வாங்கி, நானே மாட்டினேன். அடுத்த நாள் சரியா இருபத்தஞ்சாவது நிமிஷம் வேன் நின்றது.

அடுத்து, ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒண்ணை ஃப்ரெண்டுகிட்ட வாங்கி மாட்டினேன். ஃபோன்ல 'கனெக்ட் ஆகவில்லை' என்று மட்டும்தான் வந்தது. அப்புறம்தான் படிச்சேன். நம்ம நாட்டுல கார்களுக்கு ஓ.பி.டி. கட்டாயமானதே 2010 ஏப்ரல்ல, பாரத் ஸ்டேஜ் 4 வந்தப்போதான். அதுக்கு முந்தின வண்டிகள்ல சிலது அந்தந்தக் கம்பெனியோட சொந்த மெஷின்கிட்ட மட்டும்தான் பேசும்.

கடைசியா ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அப்பாகிட்ட போய், "இ.சி.யு. போயிருக்கும்ப்பா, அதை மாத்தணும்" என்றேன்.

அப்பா கோபப்படவே இல்ல. "அதுதான் கெட்டுப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியல. அதைவிட மோசம், இ.சி.யு. என்றால் என்னன்னு அவருக்குத் தமிழ்ல சொல்லவும் தெரியல. எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். பரீட்சையில பதினாறு மார்க்குக்கு எழுதுவேன், அப்பாவுக்கு நாலு வரி சொல்ல வரல. கொஞ்ச நேரம் திணறிட்டு இப்படிச் சொன்னேன். "அது வண்டியோட கணக்குப்பிள்ளைப்பா. எவ்வளவு காத்து உள்ள போகுது, இன்ஜின் எவ்வளவு சூடா இருக்கு, எந்த வேகத்துல சுத்துதுன்னு சென்சாருங்க சொல்லும். அதை வெச்சு எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ ஸ்பார்க் கொடுக்கணும்னு இது கணக்குப் போடும். வண்டி சும்மா நின்னு ஓடும்போது நிமிஷத்துக்கு 800 சுத்துன்னு வெச்சுக்குங்க, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் போகணும். ஆக, ஒரு சிலிண்டருக்கே நிமிஷத்துக்கு 400 தடவை."

"சரி. கணக்குப்பிள்ளை தப்புப் பண்றான்னு சொல்றே. கணக்கு நோட்டைப் பாத்தியா?" என்றார்.

மறுநாள், அப்பா வழக்கமா வண்டி விடற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். நான் சென்சார் மாத்தின கதையைக் கேட்டுச் சிரிச்சார். "மாத்தி மாத்திப் பாக்கறதுக்குப் படிப்பு எதுக்குங்க தம்பி? மீட்டர் இருக்குதுங்களா?" என்றார். காலேஜ் லேபுக்கு வாங்கின மல்டிமீட்டர் பையிலயே இருந்தது. ஒரு தடவைகூட அதை எடுக்கணும்னு எனக்குத் தோணல.

அவர் சொன்ன முதல் விஷயம், வண்டி நின்னதுக்கு அப்புறம் அளக்கணும். நல்லா ஓடும்போது அளந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அதனால வேணும்னே ஓட்டி, நிக்க வெச்சு, அங்கேயே அளந்தோம். நான் கத்துக்கிட்ட வரிசை இது.

சாவியை ஆன் பண்ணினா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 'செக் இன்ஜின்' லைட் எரியணும். எங்க வேன்ல எரியல. அப்போ இ.சி.யு. முழிச்சுக்கவே இல்லைன்னு சந்தேகப்படலாம். ஆனா பல்பு ஃபியூஸ் போயிருக்கலாம், இ.சி.யு.வுக்குக் கரண்டே வராம இருக்கலாம். அதனால ஃபியூஸ், மெயின் ரிலே பார்த்துட்டு, டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற இ.சி.யு. கனெக்டர்லயே அளந்தோம். 12.3 வோல்ட் வந்தது. அடுத்து கிரவுண்ட். பேட்டரி நெகட்டிவுக்கும் இ.சி.யு.வோட கிரவுண்ட் ஒயருக்கும் நடுவுல 0.02 வோல்ட். அதுவும் சுத்தம். 'நிறைய பேர் கிரவுண்ட் ஒயர் துரு பிடிச்சதுக்கு இ.சி.யு.வை மாத்திடறாங்க' என்றார் அண்ணன்.

கடைசியா, இ.சி.யு. சென்சார்களுக்குக் கொடுக்கற 5 வோல்ட். மீட்டர்ல 1.4 காட்டியது. நான் துள்ளிக் குதிச்சேன். "பொறுங்க தம்பி. ஏதாவது ஒரு சென்சார் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆயிருந்தாலும் இப்படித்தான் இறங்கும்" என்று சொல்லி ஒவ்வொரு சென்சார் கனெக்டரா கழட்டச் சொன்னார். எல்லாத்தையும் கழட்டியும் 1.4 மாறல.

மீட்டரை அப்படியே மாட்டிவிட்டு டீ குடிச்சோம். வண்டி ஆற ஆற நம்பர் ஏற ஆரம்பிச்சது. 2.1, 3.6, கடைசியில 5.0. சாவியைத் திருப்பினதும் செக் இன்ஜின் லைட் எரிஞ்சது. மீட்டரை முதல்ல பார்த்தது அப்பாதான். "இப்ப அஞ்சு காட்டுது" என்றவர், டப்பாவைத் தொட்டுப் பார்த்து, "அப்ப இவன்தான்" என்றார்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் ஒழுகி, பக்கத்துல செம்பு பச்சையா அரிச்சிருந்தது. கெப்பாசிட்டரை மாத்தி, அறுந்த டிராக்குக்கு ஒயர் இழுத்து சோல்டர் வெச்சேன். ரெண்டு நாள் ஓடினது. மூணாவது நாள் பழைய கதை. போர்டு பல அடுக்கு. மேல தெரியற அரிப்பைச் சுரண்டலாம், அடுக்குகளுக்கு நடுவுல இறங்கினதை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. மாத்தியே ஆகணும்.

புதுசு விசாரிச்சா, அந்த மாடலுக்கு இப்போ சப்ளை இல்லைன்னாங்க. லீவு முடிஞ்சு சென்னை திரும்பினதும் பழைய டப்பாவோட புதுப்பேட்டை போனேன். கடை கடையா ஏறி, ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போறதான்னு பார்த்தேன். டப்பாவும் கனெக்டரும் ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்கற புரோகிராம் வேற இன்ஜினோடதா இருக்கும். நாலாவது கடையில கிடைச்சது. 4,500 ரூபாய், பில்லோட. பொங்கலுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஈரோடு போறப்போ அந்தப் பையைத் தலைக்கு வெச்சே தூங்கினேன்.

போகி அன்னிக்கு மாட்டினோம். ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு செகண்ட்ல நின்னுது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி ரெண்டு செகண்ட். அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல.

மெக்கானிக் அண்ணன் மீட்டர் போர்டுல மினுக்கிக்கிட்டு இருந்த சாவி படம் போட்ட லைட்டைக் காட்டினார். இம்மொபிலைசர். சாவிக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். அதோட கோடு சரியா இருந்தாத்தான் இ.சி.யு. இன்ஜினை ஓட விடும். நான் வாங்கிட்டு வந்த டப்பாவுக்கு வேற யாரோட சாவியோதான் பழக்கம். எங்க சாவி அதுக்குத் திருட்டுச் சாவி.

அந்த அடையாளம் பழைய போர்டுல எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன மெமரி சிப்புல இருந்தது. அதைப் புது போர்டுக்கு மாத்தலாம் என்றார் அண்ணன். ஆனா அதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எங்க வண்டி அவர்கிட்ட பத்து வருஷமா வருது. இருந்தும் கேட்டார். "இந்த வேலைக்கு யாரா இருந்தாலும் கேப்பனுங்க தம்பி" என்றார்.

ஊர்ல ஒரு செல்ஃபோன் ரிப்பேர் கடையில ஹாட் ஏர் மெஷின் இருந்தது. கடைக்காரர் ரெண்டு சிப்பையும் அழகா எடுத்துக் கொடுத்தார். என் புராஜெக்ட் கிட்ல இருந்த புரோகிராமர்ல பழைய சிப்பை ரெண்டு தடவை காப்பி எடுத்து, ரெண்டும் ஒண்ணான்னு சரி பார்த்தேன். அப்புறம் அதைப் புது போர்டுல வெச்சு சோல்டர் பண்ணினோம்.

ஸ்டார்ட் ஆச்சு. இந்தத் தடவை நிக்கல. ஆனா ஆர்.பி.எம். ஏறி இறங்கி ஆடினது. நான் பதற, "புது எடத்துக்கு வந்திருக்குதுல்லீங்க, பழகட்டும்" என்றார். உண்மைதான், ஐடிலிங்கை இ.சி.யு. கொஞ்சம் கொஞ்சமா தானே கத்துக்கும். பத்து நிமிஷத்துல அடங்கினது. அப்பாவும் நானும் சத்தியமங்கலம் போய் நிக்காம திரும்பி வந்தோம்.

இப்போ வேன் தினமும் லைனுக்குப் போகுது. இரும்புக்காரருக்கு அப்பா ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்து அனுப்பிட்டார். எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. புராஜெக்ட்ல ஏதாவது வேலை செய்யலைன்னா டீம்ல யாராவது 'போர்டு போச்சு மச்சி, புதுசு வாங்கலாம்' என்பார்கள். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டுட்டு மீட்டரை எடுக்கறேன். பாதி நேரம் ஜம்பர் ஒயர்தான்.

போன வாரம் ஊருக்குப் போனப்போ வேன் டேஷ்போர்டைத் திறந்தேன். நான் கழட்டிப் போட்ட பழைய கிராங்க் சென்சார், பேப்பர்ல சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே இருந்தது.

"இதை ஏம்ப்பா வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"அது நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.