சிறு துப்பாக்கியும் சிக்கனக் கணக்கும்

துப்பாக்கி என்னும் சொல் நம் வீடுகளில் நல்ல சொல்லாக வழங்குவதில்லை. செய்தித்தாளில் அச்சொல் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் ஓர் இழவு வீட்டின் வாசலாகவே இருக்கிறது. ஆயினும், பகைக்கும் உயிர்க்கொலைக்கும் எத்தொடர்பும் இன்றி, காகிதத்தையும் எஃகுத் தகட்டையும் மட்டுமே இலக்காகக் கொண்டு, கண்ணையும் மூச்சையும் விரலையும் அடக்கியாளப் பழகும் விளையாட்டாகவும் அது உலகில் நிலவி வருகிறது. 1896இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே குறிசுடுதலுக்கு இடம் தரப்பட்டது. அவ்விளையாட்டின் எளியதொரு கிளையைப் பற்றி நாம் அறிய நேர்ந்தவற்றை, குடும்பக் கணக்குப் பார்த்துச் செலவிடும் அன்பர்களுக்குச் சொல்லிவைப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கியிருந்தோம். பதினான்கு வயதுப் பேத்தி, பள்ளித் தோழி ஒருத்தியுடன் சென்று இவ்விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, தானும் கலந்துகொள்ள வேண்டுமென்றாள். அதிகம் பேசாத பிள்ளை. எதையும் வேண்டுமென்று கேட்டறியாத பிள்ளை. அவள் கேட்டது இது ஒன்றுதான். மருமகன் மறுக்கவில்லை. மகளோ இரண்டு நாள் உறங்கவில்லை. "அத்தா, இந்த நாட்டில் நம்மைப் போன்ற பெயருடைய வீட்டில் துப்பாக்கி இருக்கிறதென்றால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பேன்?" என்று கேட்டாள். அவ்வச்சத்தை வெறும் அச்சமென்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

முடிவில் மூன்று நிபந்தனைகளின் பேரில் இணங்கினாள். துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டப்பட வேண்டும். சாவி தன்னிடமே இருக்க வேண்டும். தோட்டா வேறிடத்தில் இருக்க வேண்டும். மருமகன் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: எல்லாச் செலவும் ஆயிரம் டாலருக்குள் அடங்க வேண்டும். எதை வாங்குவதென்று ஆராயும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. சுற்றுலா விசாவில் சென்றவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே நம் கை அதன்மேல் பட்டதே இல்லை. நாற்பதாண்டு துணிக்கடையில் கணக்கெழுதிய கைக்கு ஒரு குறிப்பேடும் பேனாவும் போதுமானவையாக இருந்தன.

அவ்விளையாட்டுக்குரியது புள்ளி 22 அளவுள்ள ரிம்ஃபையர் துப்பாக்கி. தோட்டாவின் அடிப்புற விளிம்புக்குள்ளேயே பற்றுமருந்து இடப்பட்டிருக்கும்; சுடுமுள் அவ்விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். விளிம்பில் தீப்பற்றுவதால் அப்பெயர் வந்தது. இன்று வழங்கும் நீள்தோட்டா 1887இல் அமெரிக்காவில் தோன்றியது. ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ இரண்டரை கிராம்தான். உதைப்பு மிகக் குறைவு, ஓசை குறைவு, விலையும் குறைவு. பிள்ளைகள் பழகுவதற்கு ஏற்றதென்று அதனைத் தேர்வது இக்காரணங்களாலேயே.

சிறியது என்பதால் எளியது என்று எண்ணிவிடலாகாது. 50 கஜத்தில் குறி சரிசெய்யப்பட்ட துப்பாக்கியின் குண்டு, 100 கஜத்தை அடையும்போது ஆறேழு அங்குலம் தாழ்ந்துவிடுகிறது. 200 கஜத்தில் அத்தாழ்வு மூன்றடியையும் கடக்கிறது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 100 கஜத்தில் குண்டை நான்கங்குலம் வரை ஒதுக்கிவிடும். பெரிய துப்பாக்கிகள் ஆயிரம் கஜத்தில் கற்பிக்கும் பாடத்தை இச்சிறு துப்பாக்கி நூறு கஜத்திலேயே கற்பித்துவிடுகிறது என்று அங்குள்ள மூத்தவர்கள் கூறுவது இதனாலேதான்.

இப்போட்டிகளை நடத்தும் அமைப்புகளுள் ஒன்று நேஷனல் ரைபிள் லீக் 22 என்பது. மாதந்தோறும் ஒரே பாடத்திட்டத்தை நாடெங்கும் உள்ள மன்றங்களுக்கு அனுப்புவார்கள். மரத்தடுப்பின் மீதும், ஏணிப்படியின் மீதும், தரையில் படுத்தும், குறித்த நேரத்துக்குள் எஃகுத் தகடுகளைச் சுட வேண்டும். தொலைவு 100 கஜத்தைத் தாண்டாது. செல்வர் மட்டுமே வெல்லும் ஆட்டமாகிவிடக் கூடாதென்று, அடிப்படைப் பிரிவு ஒன்றை வகுத்து, துப்பாக்கியும் ஸ்கோப்பும் சேர்ந்து குறித்த விலையைக் கடக்கலாகாதென விதி செய்திருக்கிறார்கள். இளையோருக்குத் தனிப் பிரிவும் உண்டு.

இனி, துப்பாக்கி. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகையும் உண்டு. தொடக்கக்காரருக்குப் பின்னதே நல்லதென்று முடிவு செய்தோம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சிந்தனை வேண்டுமென அது வற்புறுத்துகிறது. போல்ட் திறந்திருந்தால் துப்பாக்கி சுடாது என்பதை எட்ட நிற்கும் தாயும் கண்ணால் கண்டு தெளியலாம்.

குறைந்த விலையில் நான்கு துப்பாக்கிகள் நம் குறிப்பேட்டில் இடம்பெற்றன. சாவேஜ் மார்க் 2 யாவற்றினும் மலிவு. விசையின் இறுக்கத்தை வாங்கியவரே திருத்திக்கொள்ளலாம். ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபையரில், கன்னம் படியும் மேற்கட்டையை மாற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். பின்லாந்து நாட்டு டிக்கா டி1எக்ஸ், அதே நிறுவனத்தின் பெரிய துப்பாக்கிக்கென வரும் கட்டைகளை ஏற்கும். செக் நாட்டின் சிஇசட் 457இல் குழலையே வீட்டில் கழற்றி வேறு குழல் பொருத்தலாம், விசையும் திருத்தத்தக்கது. இந்நான்கில் எதுவும் தொடக்கக்காரரை ஏமாற்றாது என்பதே கேட்டறிந்த செய்தி. வேற்றுமை துல்லியத்தில் இருப்பதைவிட, பிள்ளையின் உடலுக்குப் பொருந்துவதிலேயே இருக்கிறது. கட்டையின் பின்நுனி தோளில் படியும்போது விசையை எட்டக் கை நீளவேண்டியிருந்தால், எத்துணை உயர்ந்த துப்பாக்கியும் வீண். பேத்தியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் செய்தோம். பழைய சிஇசட் 457 ஒன்று பொருந்தியது. விலை 420 டாலர்.

பதினெட்டு நிரம்பாதவர்க்கு உரிமம் பெற்ற கடைகள் ரைபிள் விற்கலாகாது. ஆகவே வாங்கியவர் மருமகன். படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு அனுப்பியபோது, உடனே விடை வரவில்லை. தாமதம் என்று வந்தது. மகளின் முகம் வெளுத்துவிட்டது. ஒத்த பெயருடையோர் பலர் இருப்பின் இவ்வாறு நேர்வதுண்டென்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். இரண்டு நாளில் இசைவு வந்தது. அவ்விரண்டு நாளும் அவ்வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறோம்.

அடுத்தது ஸ்கோப். துப்பாக்கியின் விலையில் கால் பங்கை இதற்கு ஒதுக்கினால் போதுமென்று பலர் எண்ணுவர், அது சிக்கனமன்று. காணாத இலக்கை யார் சுட முடியும்? மூன்று பண்புகளைப் பார்த்தோம். முதலாவது, பாரலாக்ஸ் என்னும் கண் விலகல் பிழையை அருகிலுள்ள தொலைவுகளுக்கும் திருத்தும் வசதி. பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகள் பலவற்றில் இத்திருத்தம் 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ நிலைநிறுத்தப்பட்டிருக்கும்; 25 கஜத்துத் தகட்டைப் பார்க்கையில் கண் சற்று நகர்ந்தாலும் குறி நகர்ந்துவிடும். இரண்டாவது, திருகுகளின் நேர்மை. பத்து சொடுக்கு ஏற்றி, பத்து சொடுக்கு இறக்கினால் குறி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது, உள்ளிருக்கும் அளவுக்கோடுகளும் வெளித்திருகும் ஒரே அளவைப் பேசுவது. மில் என்ற அளவாயின் இரண்டும் மில்லாக இருத்தல் வேண்டும். ஒன்று முழமும் மற்றொன்று மீட்டரும் பேசினால் துணிக்கடையில் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும்.

உருப்பெருக்கம் மிக அதிகம் வேண்டுமென்று விற்பவர் சொல்வார். பெரிதாக்கினால் பார்வைப் பரப்பு சுருங்கும். நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அடுத்த தகட்டைத் தேடுவதிலேயே நேரம் கழியும். பன்னிரண்டு அல்லது பதினாறு மடங்கு தாராளம். ஆத்லான், வோர்டெக்ஸ் ஆகிய நிறுவனங்களின் நடுத்தர விலை ஸ்கோப்புகளைப் பலரும் பயன்படுத்தக் கண்டோம். வோர்டெக்சின் உத்தரவாதம் பொருள் கைமாறினாலும் தொடர்வது. ஆகவே ஒருவர் பயன்படுத்திய ஸ்கோப்பையே 280 டாலருக்கு வாங்கினோம்.

வாங்கியதை நம்பிவிடவில்லை. 50 கஜத்தில் ஒரு மில் என்பது 1.8 அங்குலம். காகிதத்தில் செங்குத்துக் கோடு வரைந்து நட்டோம். பேத்தி கோட்டின் அடியிலுள்ள புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு சுட்டாள்; திருகை ஐந்து மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மீண்டும் ஐந்து சுட்டாள்; இறக்கி மறுபடியும் ஐந்து. இரு கூட்டங்களுக்கும் இடைவெளி ஒன்பது அங்குலம் இருக்க வேண்டும். நாடாவை வைத்து அளந்தோம், நூலிழை பிசகவில்லை. மூன்றாவது கூட்டம் முதற்கூட்டத்தின் மேலேயே விழுந்திருந்தது.

எஞ்சிய கணக்கையும் சொல்லிவிடுவோம்: ஸ்கோப்பைப் பொருத்தும் வளையங்கள் 40 டாலர், தாங்கும் மணற்பையும் காது, கண் காப்புகளும் 60, இரும்புப் பெட்டி 100. மீதமிருந்த 100 டாலரும் தோட்டாவுக்கே. அன்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. இச்சிறு துப்பாக்கியின் குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு உண்டு. எத்தோட்டா பிடிக்குமென்று சுட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. விலையுயர்ந்த போட்டித் தோட்டா, சாதாரணத் தோட்டாவைப் போல் மூன்று மடங்கு விலையாகிறது. ஐந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கினோம். வகை மாற்றும்போது, முந்திய தோட்டாவின் மெழுகு குழலிலிருந்து நீங்கும்வரை சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு ஐந்தைந்தாகச் சுட்டு அளந்தோம். மலிவு வரிசையில் இரண்டாவதாக இருந்த தோட்டா முக்கால் அங்குலத்துக்குள் கூடியது. யாவற்றினும் விலைமிக்கது ஓரங்குலத்துக்கும் மேல் சிதறியது. வேறொரு குழலில் இம்முடிவு தலைகீழாகலாம். ஒலியின் வேகத்தைக் கடக்காத தோட்டாவே பொதுவில் நன்று. கடந்து செல்லும் குண்டு வழியில் வேகம் குறைந்து ஒலி வேகத்தை மீண்டும் சந்திக்கையில் தடுமாறுகிறது.

தோட்டா இன்றியும் பழகலாம். ஆனால் ரிம்ஃபையரை வெறும் அறையில் சொடுக்கினால் சுடுமுள் குழலின் விளிம்பில் மோதிச் சேதம் விளைக்கக்கூடும். சுவரில் திருகாணி செலுத்த உதவும் பிளாஸ்டிக் முளையைத் தோட்டா இருக்கும் இடத்தில் வைத்துப் பலர் பழகுகிறார்கள். சில காசு விலையுள்ள அம்முளையை வைத்து, மகளின் கண்ணெதிரே, நாள்தோறும் கால்மணி நேரம் பேத்தி பழகினாள். அவளுக்குக் கைகூடிய நிதானத்தில் பெரும்பங்கு அம்முளைக்கே உரியது. சுடுகளத்திலிருந்து திரும்பியதும் ஈயத் துகள் நீங்கக் கையும் முகமும் கழுவாமல் உணவில் கைவைக்கலாகாது என்பதும் வீட்டின் விதியாயிற்று.

மூன்றாம் மாதம் முதற்போட்டி. தலையை மூடிய துணியின் மேல் காதுக்காப்பை அணிந்து அவள் நின்றாள். அதைப் பார்த்து எவரும் முகம் சுளிக்கவில்லை. அருகிலிருந்த முதியவர் ஒருவர் தம் மணற்பையை அவளிடம் நீட்டி, தடுப்பின்மேல் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து கட்டம், ஐம்பது குண்டு, விழுந்தவை 23. மரத்தடுப்புக் கட்டத்தில் பத்துக்கு இரண்டே. முதலிடம் பெற்றவரின் துப்பாக்கி விலை மிக்கதுதான். ஆனால் அதனினும் விலை மிக்க ஒன்றுடன் வந்த மற்றொருவர் பேத்திக்கும் கீழே நின்றார்.

நான்காம் கட்டத்தின் நடுவே ஒரு தகடு சங்கிலி அறுந்து விழுந்தது. நிறுத்துமாறு அலுவலர் குரல் கொடுத்தார். பேத்தியின் விரல் விசையிலிருந்து அந்தக் கணமே விலகியது. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னே வந்து நின்றாள். வேலியின் அப்புறம் நின்ற மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில், "எத்தனை விழுந்தது என்பதை நான் எண்ணவில்லை அத்தா. நிறுத்து என்றதும் நிறுத்தினாளே, அது போதும்" என்றாள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. புள்ளி 22 துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆதலின் இங்கே பிள்ளைகள் புள்ளி 177 அளவுள்ள காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு பத்து மீட்டரில் தொடங்குகிறார்கள். வரம்புக்குட்பட்ட ஆற்றலுள்ள அவ்வகைக்கு உரிமம் தேவையில்லை. அங்கே ஸ்கோப் கிடையாது, காற்றும் கிடையாது. எனினும் கணக்கு ஒன்றே. உடலுக்குப் பொருந்துவதை வாங்குக. பிறர் பயன்படுத்தியதை இகழற்க. கருவியில் மிச்சம் பிடித்துப் பயிற்சியில் செலவிடுக. பூட்டுக்கான பணத்தை முதலில் எடுத்துவைக்க.

நாம் ஊர் திரும்பியபின் பேத்தி மாதந்தோறும் தன் எண்ணிக்கையை எழுதியனுப்புகிறாள். 23, 27, 25, 31 எனக் குறிப்பேட்டில் பதிந்து வருகிறோம். துப்பாக்கி அதேதான், ஸ்கோப்பும் அதேதான். சாவி இன்றும் மகளிடமே இருக்கிறது.