காலை உணவாக ஒரு கேரட் கேக்

ஓட்ஸ் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கஞ்சியாகக் காய்ச்சாமல் ஒருமுறை ஓவனில் சுட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது கேரட் கேக் சுவையில் செய்வது.

ரோல்டு ஓட்ஸ் 2 கப், பால் 1¾ கப், முட்டை 2, நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, துருவிய கேரட் 1 கப், நாட்டுச் சர்க்கரை 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடரும் பட்டைத்தூளும் தலா ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் சுக்குப்பொடி, உலர்திராட்சை, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தை மசித்து, எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். மேலே வால்நட் தூவி, 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வைத்தால் போதும்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், குழைந்துவிடும். ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் விரலால் அழுத்தினால் தளும்பாமல் இருக்க வேண்டும். எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆறினால்தான் துண்டு உடையாமல் வரும்.

ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தினமும் 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். அமெரிக்க உணவு மருந்துத் துறை 1997-லேயே இதை ஏற்றுக்கொண்டது. இந்தப் பலகாரத்தில் மைதா கிடையாது, வழக்கமான கேக்கை விடச் சர்க்கரையும் குறைவு. ஆனாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாட்டுச் சர்க்கரையையும் திராட்சையையும் தவிர்த்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். பரபரப்பான பள்ளிநாள் காலையிலும் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். செய்து பார்த்துச் சொல்லுங்கள்.