பயிலுனர் மேசை

மேசைக்கு ஒரு கால் கட்டை. அடியில் அட்டையை மடித்துச் சொருகியிருக்கிறார்கள். மேலே பழைய மடிகணினி, ஸ்டேப்ளர், நீளமான பதிவுக் கொப்பி. பின்னால் கறுப்பு அபாயாவில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பிள்ளை. கிண்ணியாக்காரி. கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு. கூடப் படிப்பவர்கள் வங்கிக்கும் வானொலிக்கும் வேலை பழகப் போக, இவள் சீனன்குடாவில் இந்த அறக்கட்டளைக் கந்தோருக்கு வந்திருக்கிறாள். வாசல் பலகையில் இன சமத்துவம், சமூக நீதி என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. உள்ளே விசிறி ஒன்றுதான்.

நான் பக்கத்து வீட்டுக்காரரின் ஓய்வூதியக் கடித விவகாரத்துக்குத் துணையாக வந்தவன். அவர் உள்ளறையில் இணைப்பாளரோடு பேசுகிறார். எனக்கு மூலைக் கதிரையும் முந்தின நாள் வீரகேசரியும் கிடைத்தன. பேப்பரை விரித்துப் பிடித்திருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பார்க்க வசதி.

வருகிறவர்கள் எங்கே உட்கார்வது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் முஸ்லிம் பெண்கள் வாசலோரம், தமிழ்ப் பெண்கள் சுவரோரம், கந்தளாய்ப் பக்கமிருந்து வந்த சிங்களக் கணவனும் மனைவியும் உள்ளறைக் கதவுக்குக் கிட்ட. உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரவர் பக்கம் போகிறார்கள். பத்தரை மணிக்குப் புழுக்கம் ஏறியதும் எல்லாக் கதிரைகளும் விசிறிக்குக் கீழே நகர்ந்து வந்தன. நல்லிணக்கக் கருத்தரங்கு வைப்பவர்கள் மண்டபத்தில் விசிறியைக் குறைத்துப் பார்க்கலாம்.

கூரைக்கு மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் சுற்றிச் சுற்றி வருகிறது. மேலே ஒரு பயிலுனர், கீழே ஒரு பயிலுனர். மேலே இருப்பவருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருப்பார். இவளிடம் கொப்பியைக் கொடுத்துவிட்டு இணைப்பாளர் உள்ளே போய்விட்டார்.

கொப்பியில் நிரல்கள்: பெயர், ஊர், பால், இனம், பிரச்சினை. இனத்துக்குக் கீழே நான்கு கட்டங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம், ஏனையோர். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று மாதக் கடைசியில் கூட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது நிதி கொடுப்பவர்களுக்குப் போகும்.

பாலையூற்றுப் பையன் ஒருவன் முன்னால் வந்து உட்கார்ந்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதியவள் அடுத்ததற்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இனம்?"

"அப்பா சிங்களம், அம்மா தமிழ். பள்ளிக்கூடத்தில தமிழ் எண்டு பதிஞ்சவங்க. அடையாள அட்டையில அந்தக் கேள்வியே இல்ல." சிரித்தான். "கலியாணப் பேச்சு வந்தா மட்டும் ரெண்டு பக்கமும் எங்கட ஆள் இல்ல எண்டுறாங்க."

பேனா 'ஏனையோர்' கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தமிழில் ஒரு சரி, சிங்களத்தில் ஒரு சரி. சின்னதாக.

தேநீர் நேரத்தில் வெளியே வந்த இணைப்பாளர் கொப்பியைப் புரட்டினார். ஆட்களை விடச் சரிகள் ஒன்று கூட. விசாரித்துத் தெரிந்துகொண்டு, "நீ செய்தது சரிதான் மகள். ஆனா கொழும்புக்கு இது விளங்காது" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை மை பூசினாள், ஊதினாள், காய்ந்ததும் 'ஏனையோர்' பக்கம் ஒரு சரி போட்டாள்.

இனவாதத்துக்கு எதிரான கந்தோரில் இனத்தைக் கேட்டு எழுதுகிறார்களே என்று நக்கலடிக்கலாம். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கட்டங்களை அழித்துவிட்டால் யாருடைய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது, யாருடையது கிடப்பில் போனது என்பதை எதை வைத்துக் காட்டுவது? எண்ணாமல் விட்டால் லாபம் யாருக்கு என்று இந்த மாவட்டத்துக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

படித்த பிள்ளைகள் இப்படி வந்து எழுதிக்கொடுப்பதும் இந்தப் பக்கங்களுக்குப் புதிதல்ல. 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தமிழர் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தபோது, வவுனியாவில் கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அவர்களைக் குடியமர்த்தியது. இளம் தொண்டர்கள் பாலர் பாடசாலை நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரையும் பிடித்தார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரத்தைக் கொன்றார்கள். டேவிட் உயிர் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். இந்தப் பிள்ளைக்கு யாரும் இதைச் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

பதினொரு மணி இருக்கும். சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பொலித்தீன் பை. மேசையைப் பார்த்தார், அபாயாவைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மிஸ் இல்லையா?"

"மிஸ் உள்ளுக்குக் கதைச்சிட்டிருக்காங்க. நான் எழுதித் தாறன். இருங்க அம்மா."

அவர் இருக்கவில்லை. 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் ஆசிரியைகளின் அபாயா பற்றி எழுந்த சண்டை வீட்டுக்கு வீடு இன்னும் பேச்சில் இருக்கிறது. அதற்கு முந்திய கணக்குகளும் இரண்டு பக்கத்திலும் உண்டு. பிள்ளை வற்புறுத்தவில்லை. கதிரையைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுத் தன் பாட்டில் எழுதினாள். முழங்கால் உளைந்திருக்க வேண்டும், கொஞ்சம் பொறுத்து அவர் உட்கார்ந்தார்.

"சம்பூர்ல எவடம்?"

"கடற்கரைச்சேனை."

"எங்கட வாப்பா அங்கால மாடு வாங்கப் போறவர்."

அம்மா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "முந்தி வருவாங்கதான்" என்றார்.

பை திறந்தது. கிளிவெட்டி முகாமில் கொடுத்த பங்கீட்டு அட்டை. கணவரின் மரணச் சான்றிதழ். விளிம்பு கரைந்த ஒரு படம். விசிறிக் காற்றில் எல்லாம் எழும்பப் பார்க்க, அவள் ஒன்றன் மேல் ஸ்டேப்ளரையும் ஒன்றன் மேல் தன் கைத்தொலைபேசியையும் மற்றதன் மேல் இடது கையையும் வைத்துக்கொண்டு எழுதினாள். 2006இல் குண்டு விழ ஓடியது. வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி. கைத்தொழில் வலயத்துக்கென்று எடுத்து வைத்திருந்த 818 ஏக்கரை 2015இல் விட்டபோது திரும்பியது. காணி கிடைத்தது. காணிக்கான ஒப்பம் ஓடிய வழியில் எங்கேயோ போய்விட்டது.

இந்தக் கந்தோருக்குப் பின்னால் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. மொத்தம் 99. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியர் குண்டு போட்டதையும் கண்டவை. 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கு பிரித்தார்கள்: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, ஐம்பது வருடக் குத்தகை. எந்தத் தாங்கி யாருடையது என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம். கடற்கரைச்சேனையில் கால் ஏக்கர் யாருடையது என்று காட்ட அந்த அம்மாவிடம் பங்கீட்டு அட்டைதான் இருக்கிறது.

"ஒப்பம் அவரிட பேரிலயா?"

"ஓம்."

"பின்னுரிமையாளர் எண்டு ஆரையும் பதிஞ்சவரா?"

"அதெல்லாம் ஆருக்குத் தெரியும்? மகளுக்குக் குடுக்கோணும். முகாம் முகாமா என்னைக் கொண்டு திரிஞ்சவள் அவள்தான். மகன் கட்டார்ல. அவன்தான் மூத்தவன், அவனுக்குத்தான் சட்டம் எண்டு ஊருக்குள்ள சொல்றாங்க."

ஊர் சொல்வது முழுப் பொய்யுமல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரிமையாளர் பெயர் இல்லாவிட்டால் மகன்மார் முந்தி, மகள்மார் பிந்தி. எண்பத்தேழு வருடம் கழித்து, 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். பிள்ளை அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆனால் திருத்தம் இவரிட விசயத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று மிஸ்ஸிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டுத்தான் சொல்லலாம் என்றாள். வேலை பழக வந்தவர்களிடம் இந்த அடக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை. அவசரப்பட்டு நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் பழைய ஒப்பத்தின் பதிவு இருக்கிறதா என்று அறிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். படிவத்தை எடுத்தாள். கணவரின் பெயர், கிராம சேவகர் பிரிவு, ஏறத்தாழ எந்த வருடம் கொடுத்தது என்று கேட்டுக் கேட்டு நிரப்பினாள்.

"ஏன் கேக்கிறம் எண்டு காரணம் எழுத வேணாமா பிள்ளை?"

"வேணாம். காரணம் கேக்க அவங்களுக்கு உரிமை இல்ல."

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. பக்கத்திலிருந்த சிங்களப் பெண்ணிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொல்லியும் பார்த்தார். அந்தப் பெண் தலையாட்டித் தன் உறையிலிருந்த இதே படிவத்தைத் தூக்கிக் காட்டினாள்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். அம்மா கையெழுத்துப் போட்டார், மூன்று எழுத்துக்கும் நேரம் எடுத்து. தன் பெயருக்கு எதிரே கொப்பியில் தமிழ் என்ற கட்டத்தில் சரி விழுவதையும் கவனமாகப் பார்த்தார்.

"எப்ப பதில் வரும்?"

"பதினாலு வேலை நாளுக்குள்ள சொல்லோணும்."

"சொல்லாட்டி?"

"மேன்முறையீடு செய்யலாம். அதுக்கு வேற கடிதம்."

"அதுக்கும் பதில் வராட்டி?"

"கொழும்பில ஆணைக்குழு இருக்கு. அதுக்கு வேற."

அம்மா பையை மடியில் வைத்து முடிச்சுப் போடத் தொடங்கியவர் நிறுத்தினார்.

"அப்ப அந்த ரெண்டையும் இப்பவே எழுதித் தா பிள்ளை. திகதியைப் பிறகு போடுவம். ஒவ்வொரு தரமும் வந்து போக பஸ் காசு ஆர் தாறது?"