கால் நீட்ட ஓர் இடம்

வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, அறுவை முடிந்து, மறுபடி கால் ஊன்றி நடக்கத் தொடங்கியபோது மருத்துவர் ஒரு நிபந்தனை விதித்தார்: முழங்காலை மடித்தபடி நெடுநேரம் இருக்கலாகாது. நின்றுகொண்டே தமிழ் நடத்துபவனுக்கு இதில் என்ன இடர் என்று நண்பர்கள் எண்ணக்கூடும். தருமபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வர என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்பிளெண்டர். நூறு சிசிக்குச் சற்றுக் குறைவு. ஏறி அமர்ந்து மிதியில் பாதம் வைத்தால் கால் மடிந்தே தீரும். பத்து நிமிடத்தில் முழங்காலுக்குள் ஊசி ஏறும்.

மிதிகளை முன்தள்ளி, காலை நீட்டி ஓட்டும் வண்டிகள் உலகில் உண்டு. 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ படம் பார்த்தவர்கள் அறிவார்கள். நம் நாட்டில் 2005இல் பஜாஜ் கொண்டுவந்த அவெஞ்சரும் ஏறக்குறைய அவ்வகையே. ஆனால் என் வண்டி அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கியது. விற்க மனம் வரவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் இறைவன் பெயர் யாழ்மூரிநாதர். சம்பந்தரின் பாட்டுக்குப் புகழ் சேர்த்தது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழே என்று உறவினர் பேச, அந்த யாழில் அடங்காத பதிகமொன்றைச் சம்பந்தர் இங்கே பாடினார். இசைக்க இயலாத பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவரும் கதை. பாணரின் சினம் எனக்கு உண்மையில் விளங்கியது, வண்டி நிறுத்தத்தில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாலையில்தான்.

விசைப்படகுகளுக்கு வேலைசெய்யும் லேத்துப் பட்டறை ஒன்று காரைக்காலில் உண்டு. அதன் உரிமையாளரை எல்லோரையும் போல நானும் ‘பாய்’ என்றே அழைப்பேன். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “சேஸ வெட்ட வேணாம் சார். வெட்டுனா திரும்ப வராது. கிளாம்ப் போட்டுக்குவோம்” என்றார். வலிக்கும் காலை மட்டும் நீட்டினால் இடுப்பு கோணும் என்பதால் இரு பக்கமும் செய்வதென்று முடிவாயிற்று. முன்குழாயில் கிளாம்ப், அது சுழன்றுவிடாமல் என்ஜினைப் பிடிக்கும் போல்ட்டோடு ஒரு பட்டை, பித்தளை புஷ்ஷில் ஆடும் புதுமிதி, அங்கிருந்து பின்னோக்கி ஒரு ராடு.

கியரில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இவ்வண்டியில் முன்மிதியை அழுத்த அழுத்த கியர் ஏற வேண்டும். அழுத்தினோம், நியூட்ரலிலேயே நின்றது. தூக்கியபோது முதல் கியர் விழுந்தது. புதுமிதியின் கை மேல்நோக்கியும் கியர் தண்டில் மாட்டிய கை கீழ்நோக்கியும் இருந்ததே காரணம். இரண்டும் ஒரே திசை பார்த்தால்தான் சுழற்சி மாறாது. ‘வேற்றுமை உருபு மயங்கிவிட்டது’ என்றேன். பாய் சிரிக்கவில்லை.

பிரேக் வேடிக்கையாக இல்லை. மிதி பதினைந்து சென்டிமீட்டர், ராடை இழுக்கும் கை ஐந்து. ஆகவே காலின் விசை மூன்று மடங்குதான் ஆயிற்று. பட்டறை வாசலில் போதுமென்று தோன்றியது. வீட்டுக்குத் திரும்பும் முனையில் பள்ளிப் பையன் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கைப் பிடித்து, சறுக்கி, அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னே நின்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் அந்தக் கையை மூன்று சென்டிமீட்டராகக் குறைத்தோம். விசை ஐந்து மடங்கு. மிதி கூடுதல் தூரம் இறங்குகிறது, ஆனால் பிடிக்கிறது.

இப்போது முழங்கால் வலிப்பதில்லை. முதுகு வலிக்கிறது. கால் முன்னே நீண்டிருப்பதால் வேகத்தடையில் மிதியை ஊன்றி எழ முடியாது. அடி முழுவதும் தண்டுவடத்துக்கு. இதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உடற்குறை உள்ளவர் அனுமதி பெற்று மாற்றிக்கொள்ள வழியுண்டு. சக ஆசிரியர் ஒருவர் இதை எடுத்துச்சொல்லி மூன்று மாதமாகிறது. மருத்துவச் சான்று மேசையில் இருக்கிறது. விண்ணப்பத்தை இரண்டு முறை எழுதத் தொடங்கினேன். ‘உடற்குறை’ என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்தெழுதக் கை வரவில்லை. சொற்களோடு பிழைப்பவனுக்கு இப்படியும் ஒரு தண்டனை. அதுவரை வண்டி வாசலில் நிற்கிறது. நான் பேருந்தில் போகிறேன், கடைசி இருக்கையில், காலை நடைவழியில் நீட்டிக்கொண்டு.

சென்ற வாரம் பரணிலிருந்து பழைய மிதிக்கம்பியை இறக்கிப் பார்த்தேன். உப்புக்காற்றில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. தேய்த்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மறுபடி மேலேயே வைத்தேன்.