அலுவலகம் முடிந்த பிறகு மொழிபெயர்த்தவர்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் எஸ்.பி. ரோட்டில் பழைய பி.எஸ்.பி. கேம் கருவி ஒன்று வாங்கினேன். நான் ஆசைப்பட்ட ரோல் பிளேயிங் கேம்கள் பலவும் ஜப்பானில் மட்டுமே வெளியானவை. அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து என் கையில் சேர்த்தவர்கள் ரசிகர்கள்தான்.

‘மதர் 3’ 2006 ஏப்ரலில் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. ஷிகேசாட்டோ இடோய் எழுதிய கதை. தாயை இழந்த ஒரு குடும்பத்தின் துக்கம். நின்டெண்டோ அதை ஆங்கிலத்தில் வெளியிடவே இல்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிளைட் மாண்டலின் ஒரு குழுவோடு உழைத்து, 2008 அக்டோபரில் இலவசமாகவே தந்தார்.

ஜப்பானிய மொழி தெரிந்தால் மட்டும் இது நடக்காது. அந்த எழுத்துகள் ஒரே அகலக் கட்டங்களில் உட்காரும். ஆங்கிலத்தில் ‘ஐ’ ஒல்லி, ‘டபிள்யூ’ அகலம். வரியும் நீண்டு பெட்டியை விட்டு வெளியே ஓடும். எழுத்தை வரையும் நிரலையே பிரித்து மாற்றி எழுத வேண்டும். கடைசியில் வெளியிடுவது அந்த மாற்றங்கள் அடங்கிய சிறு பேட்ச் கோப்பை மட்டும்.

2010-இல் பி.எஸ்.பி.க்கு வந்த ‘ஜீரோ நோ கிசேகி’ 2022-இல் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வந்தபோது, ஜியோஃப்ரண்ட் என்ற ரசிகர் குழுவின் மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டார்கள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இனி நானும் ஒரு சின்ன கேமையாவது தமிழில் கொண்டுவர வேண்டும். தமிழில் சிக்கல் வேறு: ‘கொ’ வந்தால் கொம்பு முன்னால், கால் பின்னால். பழைய கருவிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கணும். நிரல் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.