அப்பாவின் தார்ப்பாய்

அக்காளும் தங்கையுமாக நாங்கள் இருவரும் இப்பள்ளியில் பயில்கிறோம். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், "லாரி டிரைவர்" என்று மெல்லிய குரலில்தான் சொல்வோம்.

குறுவை அறுவடையில், கொள்முதல் நிலையத்திலிருந்து 40 கிலோ நெல் மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றிச் செல்வது அவர் பணி. மூட்டைகள் நகர்ந்தால்தான் அடுத்த விவசாயியின் நெல்லுக்கு இடம்.

சென்ற ஐப்பசியில், கிடங்கு வரிசையில் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு அப்பா திரும்பிய இரவு மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் குவித்துக் காத்திருந்த பெரியவர், "இப்போதுதான் வழி தெரிந்ததா தம்பி?" என்று சினந்தார். ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். நனைந்தால் அவர் பாடு என்னாவது? அப்பா மறுமொழி பேசாமல், லாரியின் தார்ப்பாயை அவிழ்த்து அக்குவியலை மூடினாராம்.

நனைந்து வந்தவரைக் கண்டு அம்மா வருந்தினார். "நாம் உண்பதும் அந்த நெல்தானே" என்றார் அப்பா.

இப்போது நாங்கள் உரக்கவே சொல்கிறோம்.