நான் சாப்பிட்ட புது ஓட்டல்



சென்னையில் புதுசா திறந்த ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது பொய்.

அம்மாவைக் காட்ட சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிட்கோ கம்பெனியில் அப்பாவுக்கு அன்று சம்பளம் இல்லாத லீவு. ஆனாலும் சொன்னபடி அந்த ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். வாசலில் இருந்த விலைப் பலகையை இரண்டு தடவை படித்தார். "பசிக்கலப்பா, அம்மா உணவகமே போதும்" என்றேன்.

2013-ல் சென்னையில் தொடங்கியது அது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள்தான் சமைக்கிறார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டோம். நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்துடுவாங்களோ என்று கூச்சம். நீங்க கேட்டப்பவும் அதே கூச்சம்தான். சாம்பார் சாதம் சூடாக, நன்றாகவே இருந்தது. அப்பா இன்னொரு தட்டும் வாங்கினார். மூன்று பேருக்கும் சேர்த்து 29 ரூபாய்.

- 9-ஆம் வகுப்பு மாணவன், காக்களூர்